மழைக்காலத்துக்கு முன் ஒரு கேள்வி: நெருக்கடியில் எந்த அன்றாடப் பழக்கங்களைக் கைவிடக் கூடாது?

குறுக்குத்துறைக்காரி

அனைவருக்கும் வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. தாமிரபரணி கரை புரண்டு ஊருக்குள் வந்தது. எங்கள் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. தண்ணீர் சில நாட்களில் வடிந்துவிட்டது. அதற்குப் பிந்தைய மாதங்கள்தான் எங்களைப் படுத்தி எடுத்துவிட்டன. கணவரின் கடைச் சரக்கு முழுவதும் வீணாயிற்று. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள என் மாமியார் மாத்திரையைத் தொலைத்துவிட்டு, கேட்டால் வருத்தப்படுவோம் என்று சொல்லாமலேயே இருந்திருக்கிறார். பிள்ளைகளுக்கு மாறி மாறிச் சளியும் வயிற்றுப்போக்கும். வீட்டில் ஒருவரும் நேரத்துக்குச் சாப்பிடவில்லை, நேரத்துக்குத் தூங்கவில்லை.

நான் கேட்பது மருந்தைப் பற்றி அன்று. மருந்துக்கு மருத்துவர்கள் இருக்கிறார்கள். உடம்பு, மனம், வீடு மூன்றையும் சேர்த்துத் தாங்கக்கூடிய, கையில் பணம் இல்லாதபோதும் செய்யக்கூடிய பழக்கங்கள் எவை? நெருக்கடியில் எல்லாவற்றையும் செய்ய முடியாது என்பது தெரியும். எதை விட்டுவிடலாம், எதை விடவே கூடாது என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். ‘மனத்தைத் தளர விடாதீர்கள்’ என்ற அறிவுரை மட்டும் வேண்டாம்; அது போன தடவையே தேவைக்கு மேல் கிடைத்துவிட்டது.

அம்பை அண்ணாச்சி

தங்கச்சி, நான் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வேன்: சாப்பாட்டு நேரம். வெள்ளம் வந்தாலும் வீட்டில் துட்டி (சாவு) நடந்தாலும் முதலில் குலைவது அடுப்படியின் ஒழுங்கு. அது குலைந்தால் மாத்திரை நேரம் குலையும், தூக்கம் குலையும், பிள்ளைகள் வெளிக்குப் போகும் வழக்கம்கூடக் குலைந்துவிடும். ஆகையால் என்ன சமைக்கிறோம் என்பதைவிட எப்போது இலை போடுகிறோம் என்பதில் பிடிவாதமாக இருங்கள். காலையில் பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும்தான் என்றாலும் அது எட்டு மணிக்குக் கையில் இருக்க வேண்டும்.

அடைமழையில் நம் ஊருக்கு ஏற்ற சமையல் கறுப்பு உளுந்தஞ்சோறு. தோல் நீக்காத உடைத்த உளுந்தை வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, அரிசியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக அதைச் சேர்த்து, உரித்த பூண்டுப் பற்களும் கொஞ்சம் வெந்தயமும் துருவிய தேங்காயும் உப்பும் போட்டு ஒன்றாக வேகவிட்டால் வேலை முடிந்தது. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். ஒரே அடுப்பு, ஒரே பானை. குழந்தை முதல் கிழவர் வரை எல்லாரும் சாப்பிடலாம். அடுத்த வேளை வரை பசி எடுக்காது. நிவாரணமாக வருகிற பிஸ்கட்டையும் நூடுல்ஸையும் நாள்கணக்கில் தின்பதைவிட இது எவ்வளவோ மேல். குடிப்பதற்குச் சுக்குக் காப்பி. அதற்கு உடன்குடிக் கருப்பட்டியைப் போடுங்கள், சீனியைத் தொடாதீர்கள். கருப்பட்டி என்றால் உங்கள் மாமியாரும் தாராளமாகக் குடிக்கலாம்.

பாளை செவிலியர் (ஓய்வு)

அண்ணாச்சி சொல்லும் சாப்பாட்டு நேரத்தை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். கருப்பட்டியைப் பற்றிச் சொன்னதை ஏற்க முடியாது. கருப்பட்டியும் சர்க்கரைதான், அது இரத்தச் சர்க்கரையை ஏற்றவே செய்யும். ‘நாட்டுப் பொருள் ஒன்றும் செய்யாது’ என்று நம்பிக் குடித்துவிட்டுப் புண் ஆறாமல் வந்தவர்களுக்குப் பணிக்காலத்தில் நிறையக் கட்டுப் போட்டிருக்கிறேன். மாமியாருக்குச் சுக்கும் மல்லியும் தட்டிப் போட்ட வெந்நீரை இனிப்பில்லாமல் கொடுங்கள். பழைய சோற்றையும் வெள்ளக் காலத்தில் தவிர்த்துவிடுவது நல்லது. ஊற வைத்த தண்ணீர் எது என்பது யாருக்கும் நினைவிருக்காது.

தங்கச்சி, விடவே கூடாதவை எவை என்று கேட்டீர்கள். என் கணக்கில் முதலாவது தண்ணீர். கலங்கலாக இருந்தால் நாலாக மடித்த வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். பிறகு தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடமாவது கொதித்த பிறகே இறக்குங்கள். கை பொறுக்கும் சூட்டில் இறக்கிய தண்ணீர் கொதித்த தண்ணீர் ஆகாது. கொதிக்க வைத்ததை வாய் குறுகிய பாத்திரத்தில் ஊற்றி மூடி வைத்து, சாய்த்து ஊற்றிக் குடியுங்கள். டம்ளரைக் கையோடு உள்ளே விட்டு மொண்டால் அத்தனை விறகும் எரிவாயுவும் வீண். நகராட்சியோ ஊராட்சியோ குளோரின் மாத்திரை கொடுத்தால், அட்டையில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் போட்டு அரை மணி நேரம் காத்திருந்த பிறகே குடிக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கு தொடங்கிவிட்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) கொடுக்கத் தாமதிக்கக் கூடாது. ஒரு லிட்டருக்கான பொட்டலம் என்றால் முழுப் பொட்டலத்தையும் முழு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவாக ஒரு டம்ளரில் போடும் வழக்கம் இன்னும் போகவில்லை. பொட்டலம் இல்லையென்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் போதும். உப்பு அதற்கு மேல் போகக் கூடாது. 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

அடுத்தது கால். வெள்ளத்துக்குப் பிறகு நம் மக்கள் வீட்டைக் கழுவும் வேகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சேற்றில் இறங்குவார்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகவே உடம்புக்குள் போகும். எலிக்காய்ச்சல் வருவது அப்படித்தான். தண்ணீரில் நடந்து ஓரிரு வாரங்களில் காய்ச்சல், கெண்டைக்காலில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு ஆகியவை வந்தால், ‘வேலை செய்த அலுப்பு’ என்று படுத்துவிடாமல் மருத்துவமனைக்குப் போய், வெள்ளத் தண்ணீரில் நடந்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லாததால் சாதாரணக் காய்ச்சலாகப் பார்க்கப்பட்டவர்கள் உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் ஒவ்வோர் இரவும் கால் விரல் இடுக்குகளைத் துடைத்து, உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டே படுக்க வேண்டும். பேத்தி பார்க்கட்டும், கிழவிக்குக் குனிய வராது.

மூன்றாவது, மாத்திரை. மழை எச்சரிக்கை வரும் முன்பே இரண்டு வார மாத்திரையை, மருந்துச் சீட்டின் நகலோடு, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, மாமியாரின் தலைமாட்டில் வைக்காமல் மேலே பரணில் வையுங்கள். இடம் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தொலைந்துவிட்டால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் பகுதிக்கு வரும் பணியாளரிடமோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்; கேட்பதில் வெட்கம் எதற்கு?

உப்பைப் பற்றியும் ஒரு சொல். நாள் முழுவதற்கும் ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மழைக்காலத்தில் காய்கறி கிடைக்காமல் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு என்று போகும்போது அது எளிதாக இரண்டு மடங்காகிவிடும். இரத்த அழுத்தக்காரர்களுக்கு மாத்திரை போடாத வாரமும் இந்தச் சாப்பாடும் சேர்ந்து வருவதுதான் ஆபத்து.

சித்த மருத்துவ மாணவி

பாளையங்கோட்டையில் 1964-இல் தொடங்கப்பட்ட அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரில் இந்தக் கேள்வி வந்திருப்பதால் நானும் இரண்டு சொல்கிறேன். நாள் ஒழுக்கம், கால ஒழுக்கம் என்று சித்த மருத்துவத்தில் தனியாகவே படிக்கிறோம். விடியலில் எழுவது, மலசலத்தை அடக்காமல் இருப்பது, முந்தைய உணவு செரித்த பிறகே அடுத்ததை உண்பது, பகலில் நெடுநேரம் உறங்காமல் இருப்பது ஆகியவை மருந்துக்கு முந்திய பாடங்கள். அண்ணாச்சி சொன்ன இலை போடும் நேரம் இதற்குள் அடங்கிவிடும். வாரம் இருமுறை நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பதை மழைக்காலத்தில் வெயில் எட்டிப் பார்க்கும் நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். காய்ச்சலோ சளியோ இருக்கும்போது வேண்டாம். தேய்த்துவிடுகிற கையும் அந்த அரை மணி நேரமும்கூட உடம்புக்கு நல்லது செய்யும் என்பது என் எண்ணம்.

தண்ணீரைப் பற்றி: தேத்தாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் கலங்கல் அடியில் படிந்துவிடும். எங்கள் ஆச்சி இன்றும் செய்வார். ஆனால் தெளிந்த தண்ணீரும் கிருமி இல்லாத தண்ணீரும் ஒன்றல்ல. தெளியவைத்த பிறகும் அக்கா சொன்னபடி கொதிக்க வைத்தே ஆக வேண்டும்.

டவுன் ரத வீதி

நிலவேம்புக் குடிநீரைத் தினமும் குடித்தால் காய்ச்சலே வராது என்று எங்கள் தெருவில் ஓர் அமைப்பு அண்டாவில் காய்ச்சி ஊற்றியது. தினமும் குடிக்கலாமா?

சித்த மருத்துவ மாணவி

நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பேய்ப்புடல், பற்பாடகம் என ஒன்பது சரக்குகள் சேர்ந்தது அது. மருந்து என்ற பிறகு அளவும் காலமும் உண்டு. ஆண்டு முழுவதும் குடிக்கும் பானம் அன்று. கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வேறு மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. அதைக் குடித்துவிட்டோம் என்ற தைரியத்தில் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பாளை செவிலியர் (ஓய்வு)

மாணவியின் கடைசி வரியைத் தெருவில் ஒட்டி வைக்கலாம். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள்தான் கவனிக்க வேண்டிய நாள். சுரம் விட்டுவிட்டது என்று எல்லாரும் ஆறுதல் அடையும்போது கடும் வயிற்று வலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று வந்தால் உடனே புறப்பட வேண்டும். அந்தக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் இரண்டும் இரத்தக் கசிவைக் கூட்டும். கொசு முட்டை பொரித்து, புழுவாகிக் கொசுவாகப் பறக்க ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாட்கள் ஆகும் என்பதால், வாரம் ஒரு நாள் தொட்டி, வாளி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு ஆகியவற்றைக் காலி செய்தால் போதும். முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும்; கொட்டினால் மட்டும் போகாது, தேங்காய் நாரை வைத்துத் தேய்க்க வேண்டும்.

மேலப்பாளையத்து மகள்

எல்லாவற்றையும் படித்தேன். தவறாக எதுவும் இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: நேரத்துக்கு இலை போடுவதும், தண்ணீர் கொதிக்க வைப்பதும், உளுந்து வறுப்பதும், மாமியாரின் மாத்திரையை எண்ணுவதும், தொட்டியை நார் போட்டுத் தேய்ப்பதும் யாருடைய வேலை? இந்த இழையில் இதுவரை சொல்லப்பட்ட பழக்கங்கள் அனைத்தையும் ஒரே பெண்ணின் தலையில் வைத்தால், அந்த வீட்டில் அடுத்துப் படுக்கப் போகிறவள் அவள்தான்.

என் தாயார் பீடி சுற்றுகிறார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு அதுதான். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி என்பதால், கை நின்றால் காசு நின்றுவிடும். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையைக் கத்தரியால் நறுக்கி, தூளை வைத்து உருட்டி, நூலைக் கட்டி, தலையை நிமிர்த்தாமல் மணிக்கணக்கில் இருப்பார். மழைக்காலத்தில் இலை ஈரம் காயாமல் வேலை தடைப்படும். தடைப்பட்டதை இரவில் உட்கார்ந்து முடிப்பார். கழுத்து வலி, முதுகு வலி, தூளின் நெடியால் இருமல் ஆகியவற்றை அவர் நோய் என்று எண்ணியதே இல்லை. இப்படிப்பட்டவரிடம் ‘விடியலில் எழுந்து நடக்கப் போங்கள்’ என்றால் சிரிப்பார்.

எங்களால் செய்ய முடிந்தது சின்ன விஷயங்கள்தான். தட்டை அடுப்படியிலிருந்து முன்னறை ஜன்னலோரம் மாற்றினோம். சுவரில் முதுகு சாயும்படி ஒரு தலையணை. தொழுகைக்குப் பாங்கு கேட்கும்போதெல்லாம் எப்படியும் எழுவார். எழுந்தவர் மறுபடி உட்காரும் முன் தோளைச் சுழற்றி, கழுத்தை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பி, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தட்டைத் தொட வேண்டும் என்று ஏற்பாடு. புதிதாக ஒரு நேரத்தை ஒதுக்கச் சொல்லியிருந்தால் இரண்டாம் நாளே நின்றிருக்கும். தம்பியின் குழந்தையைத் தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவதையும் இப்படித்தான் கொண்டுவந்தோம்.

ஆகவே குறுக்குத்துறை அக்காவுக்கு என் பதில்: விடவே கூடாதது உங்கள் தூக்கம். ஏழு மணி நேரம் இல்லாவிட்டால், இருக்கிற நேரத்தையாவது யாரும் எழுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைப் பிரித்துக் கொடுங்கள்.

கத்தாரிலிருந்து

அணை நீர்மட்டத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று அணைகளின் முழு மட்டம் நம் ஊர்க் குழந்தைக்கும் மனப்பாடம். மழை பிடித்துக்கொண்டால் ஊரே இரவெல்லாம் அலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வெள்ளத்தின்போது இங்கே இருந்துகொண்டு நானும் அதைத்தான் செய்தேன். எங்கோ எடுத்த பழைய காணொளியை ‘இப்போது வந்தது’ என்று ஒருவர் அனுப்ப, அதைப் பார்த்து வீட்டுக்கு நள்ளிரவில் அழைக்க, அவர்கள் தூக்கமும் போனது. இப்போது என் அண்ணன் ஒருவர் மட்டும் காலையிலும் மாலையிலும் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் குடும்பக் குழுவில் ஒரு வரி போடுவார். ஆற்றங்கரையில் இருப்பவர்கள் வெள்ள எச்சரிக்கை நாளில் மட்டும் முறைபோட்டு விழித்திருக்கலாம். மற்ற இரவுகளில் அலைபேசி படுக்கையறைக்கு வெளியே.

அம்பை அண்ணாச்சி

கருப்பட்டி விஷயத்தில் செவிலியரம்மாவோடு வாதாட நான் தயார்தான். ஆனால் தங்கச்சியின் மாமியாரை வைத்து வாதாட வேண்டாம், விட்டுவிடுகிறேன்.

மேலப்பாளையத்து மகள் சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். துட்டி வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்பதால் பங்காளிகளும் சம்பந்தக்காரர்களும் வேளைக்கு ஒருவராகச் சோறு கொண்டுபோகிறோம். அங்கே போய் ‘என்ன வேண்டும்?’ என்று யாரும் கேட்பதில்லை, தூக்குவாளியோடுதான் போகிறோம். வெள்ளத்தில் கடை போனவன் வீட்டுக்கும், ஆப்பரேஷன் முடிந்து வந்தவன் வீட்டுக்கும் அதே முறை ஏன் இல்லை? கேட்டால் ‘ஒன்றும் வேண்டாம்’ என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் ஒரு வேளைச் சோறு போனால், அந்த வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கும். தங்கச்சியின் கணவரைப் போலக் கடையை இழந்த ஆண்களை, பேசச் சொன்னால் பேச மாட்டார்கள்; வ.உ.சி. மைதானத்துக்கு நடக்கக் கூட்டிப் போனால் இரண்டாவது சுற்றில் தானாகப் பேசுவார்கள். வாரத்துக்கு 150 நிமிட நடை வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்களாம். அதையும் அந்தப் பேச்சிலேயே கழித்துக்கொள்ளலாம்.

பாளை செவிலியர் (ஓய்வு)

நடையும் பேச்சும் நல்லவை. ஆனால் தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு ஒருமுறை வந்தாலோ, மைதானம் போதாது. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். தமிழ்நாடு அரசின் 104-ம் இருக்கிறது. அந்தப் பேச்சு வந்த நாளில் அவரைத் தனியாக விடாதீர்கள். தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குறுக்குத்துறைக்காரி

எல்லாருக்கும் நன்றி. மேலப்பாளையத்துத் தங்கச்சியின் பதிலை இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் வாய்விட்டுப் படித்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கணவர் தண்ணீரைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கடை அடைத்து வந்ததும் கொதிக்க வைத்து மூடிவிடுவார், காலையில் ஆறியிருக்கும். மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியும் தொட்டியும். மகளுக்கு ஆச்சியின் கால். அதில் அவளுக்கு ஒரே பெருமை, டார்ச் விளக்கைத் தன் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மாமியார் தாமாகவே உளுந்து வறுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மழை எச்சரிக்கை வந்தால் பக்கத்து வீட்டு மதினியும் நானும் ஒருவேளை மாற்றி ஒருவேளை இரண்டு வீட்டுக்கும் சேர்த்துச் சமைப்பது என்றும் பேசியிருக்கிறோம். எனக்கு மதியம் இரண்டு முதல் மூன்று வரை கதவைச் சாத்திக்கொள்ள அனுமதி.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. மாமியார் இப்போது இன்சுலின் போட்டுக்கொள்கிறார். போன தடவை பல நாட்கள் மின்சாரம் இல்லை. குளிர்சாதனப் பெட்டி இல்லாமல் அதை எப்படிக் காப்பாற்றுவது, அக்கா?

பாளை செவிலியர் (ஓய்வு)

பதற வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் குப்பியை, வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடத்தில், அறை வெப்பத்திலேயே பொதுவாக நான்கு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்பது பெட்டிக்குள் இருக்கும் தாளில் இருக்கும், அதை இப்போதே பார்த்துக் குப்பியில் திறந்த தேதியை எழுதிவிடுங்கள். திறக்காத குப்பிகளுக்கு: பெரிய மண்பானையில் ஈர மணலைப் பரப்பி, அதற்குள் சிறிய மண்கலயத்தை வைத்து, குப்பியைத் தண்ணீர் புகாத உறையில் போட்டுக் கலயத்துக்குள் வைத்து ஈரத் துணியால் மூடுங்கள். பானை காற்றோட்டமான நிழலில் இருக்க வேண்டும். மணல் காயக் காயத் தண்ணீர் தெளிக்க வேண்டும். அடைமழையில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால் குளிர்ச்சி குறைவாகவே கிடைக்கும். ஆனாலும் வெளியே வைப்பதைவிட நல்லது. பக்கத்துத் தெருவில் ஜெனரேட்டர் இருக்கும் மருந்துக் கடையில் இப்போதே சொல்லி வையுங்கள். ஐஸ் கட்டி கிடைத்தாலும் குப்பியை அதன்மேல் நேராக வைக்காதீர்கள். உறைந்துபோன இன்சுலின் மறுபடி உருகி நல்லதைப் போலவே தெரிந்தாலும் அதைப் போடக் கூடாது. வழக்கமாகத் தெளிவாக இருக்கும் வகை கலங்கியிருந்தாலோ, பால்போல் இருக்கும் வகையை உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டிய பிறகும் கட்டிகள் தெரிந்தாலோ அதையும் ஒதுக்கிவிடுங்கள்.